பச்சை ஸோவா விரிவதில்லை, கல்லெல்லாம் சின்ன அனிமோன்: எதை முதலில் கவனிப்பது?

உப்புவெளி_தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சோடி கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் காளான் முருகை, ஒரு லெதர் முருகை, அப்புறம் பச்சையும் செம்மஞ்சளுமாக ஸோவா (சின்னச் சின்ன மொட்டுகளாகக் கல்லில் ஒட்டி வளர்கிற முருகை மாதிரியான உயிர்) இரண்டு கொத்து. ஸோவா இரண்டும் கொழும்பில் கடையில் வாங்கியவை. பச்சைக் கொத்து கடைசியாக வந்தது, வந்த புதிதில் வடிவாக விரிந்து நின்றது, இப்போது சில நாட்களாக லைட் போட்டு மத்தியானம் ஆனாலும் மூடியபடியே கிடக்கிறது, ஓரத்தில் இருந்த மொட்டுகள் சிலவற்றைக் காணவே இல்லை, அந்த இடத்தில் வெறும் கல்தான் தெரிகிறது. பக்கத்திலேயே இருக்கிற செம்மஞ்சள் கொத்துக்கு ஒன்றுமே இல்லை.

இது போதாதென்று கல் இடுக்குகளில் மண்ணிறத்தில், உள்ளே வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற சின்னச் சின்ன அனிமோன்கள், பூப்போலக் கைகளை விரிக்கிற கடல் உயிர்கள், முளைத்திருக்கின்றன. கை கிட்டப் போனால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். கிழமைக்குக் கிழமை கூடுகிறது. ஸோவாவைக் கெடுப்பது இதுதானா? கத்தியால் சுரண்டி எடுக்கலாமா?

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கந்தளாயில் வயல் செய்கிற மாமா, நெல்லுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு துளி விட்டால் பூச்சி புழு எல்லாம் போய்விடும் என்கிறார். நண்பன் ஒருவன் கல்லை வெளியே எடுத்து ஒரு பானையில் போட்டு அவித்துவிட்டுத் திருப்பி வை என்கிறான். தண்ணீர் கடலில் எடுப்பதுதான், கடைசியாக எடுத்தது மழைக்குப் பிறகு. வெப்பம் 29 பாகை. அமோனியா இல்லை. உப்பளவு கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லை.

மட்டுநகர்_பார்

தம்பி, மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தப் பானையை அடுப்பில் வைக்க வேண்டாம். ஸோவா இனங்களில், முக்கியமாகப் பாலித்தோவா என்கிற வகையில், பாலிடொக்சின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. கடல் உயிர்களில் கிடைக்கிற மிகக் கடுமையான நஞ்சுகளில் அதுவும் ஒன்று, அவித்தாலும் அழியாது. கல்லை அவித்தால் அது ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். வெளிநாடுகளில் இப்படிக் கல் அவித்து, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ சஞ்சிகைகளில் பதிவாகியே இருக்கின்றன. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, வருகிற அறிகுறிக்கு ஏற்றபடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் சின்னப்பிள்ளைகள், நாய், பூனை இருந்தால் இன்னும் கவனம். ஸோவா இருக்கிற கல்லைக் கொதிநீரில் போடுவதோ, காயவைத்துத் தும்பால் உரஞ்சுவதோ, ஆக்சோ பிளேட்டால் வெட்டுவதோ கூடாது. தொட வேண்டியிருந்தால் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. மொட்டை அமத்தினால் தண்ணீர் பீச்சும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

மாமாவின் மருந்தும் வேண்டாம். அவர் முற்றிலும் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை, அமெரிக்காவில் முருகை வளர்ப்பவர்கள் சிலர் இமிடாகுளோப்ரிட் உள்ள ஒரு தோட்ட மருந்தை வாளியில் கலந்து முருகையைக் குளிப்பாட்ட எடுப்பது உண்மை. ஆனால் அது வாளிக்குத்தான், தொட்டிக்கு இல்லை. பூச்சிக்கு அடிக்கிற மருந்துக்கு இறாலும் நண்டும் பூச்சி மாதிரித்தான். தொட்டிக்குள் ஒரு துளி போனாலும் உங்கள் கிளீனர் இறால் முதலில் போகும், கல்லுக்குள் இருக்கிற சின்ன உயிர்கள் எல்லாம் பின்னாலே போகும், செத்தது அழுகி அமோனியா ஏறும், பிறகு மீனும் போகும். அதைவிட, நம்முடைய விவசாயக் கடையில் விற்கிற போத்தலில் மருந்தின் அடர்த்தியும் வேறு, கரைக்கிற எண்ணெயும் வேறு. அவர்கள் சொல்கிற அளவு இதற்குப் பொருந்தாது.

அனிமோன் கதைக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது அய்ப்டேசியாதான், தொட்டிகளில் களை மாதிரிப் பெருகுகிற அனிமோன். கத்தி வேண்டவே வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கிற பாதத்தில் ஒரு துண்டு மிஞ்சினாலே அதிலிருந்து புதிது முளைக்கும், சுரண்டுவது நாற்று நடுவதுதான். ஆனால் உங்கள் பச்சை ஸோவாவைத் தின்றது இது என்று நான் நினைக்கவில்லை. அய்ப்டேசியா கொட்டும், அதன் கை எட்டுகிற இடத்தில் உள்ள மொட்டு மூடிக்கொள்ளும், ஆனால் கல் வெறுமையாகத் தெரிகிற அளவுக்கு மொட்டைக் காணாமல் போகச் செய்யாது. வேறு யாரோ தின்கிறார்கள். லைட் அணைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து, டோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு அந்தக் கொத்தை ஆறுதலாகப் பாருங்கள். மேலே மட்டும் இல்லை, மொட்டுக்கும் மொட்டுக்கும் இடையில், தண்டின் அடியில்.

கிண்ணியாக்கரை

மட்டுநகர் சொன்னதோடு உடன்பாடு. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம்ம ஊர்ப் பிரச்சினை.

மாரி காலத்தில் கொட்டியாரக்குடாவுக்குள் மகாவலி கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் கொஞ்சநஞ்சம் இல்லை. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்காக நிற்கும். கரையோரம் வாளியை முக்கினால் கிடைப்பது அந்த மேல்தண்ணீர். குடாவுக்கு வெளியே நிலாவெளிப் பக்கம் எடுத்தாலும் அந்த மாதங்களில் உப்பு குறைவுதான், வங்காள விரிகுடாவே அப்படி. ஆகவே ரிஃப்ராக்டோமீற்றரில், அதாவது உப்பளவு பார்க்கிற மீற்றரில், பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், ஆயிரத்துக்கு 35 அல்லது அடர்த்தியில் 1.025, 1.026. குறைந்தால் பக்கெற் உப்புப் போட்டுச் சரிசெய்யலாம். குழாய்த் தண்ணீரை வைத்து அந்த மீற்றரைச் சரிபார்க்காமல் 35க்கு என்று விற்கிற அளவுத் திரவத்தை வைத்துச் சரிபாருங்கள், பூச்சியத்தில் சரியாக நிற்கிற மீற்றர் 35இல் பிழைக்கலாம்.

ஆனால் தம்பி, தண்ணீர்தான் காரணம் என்றால் செம்மஞ்சளும் மூடியிருக்கும், லெதரும் சுருங்கியிருக்கும். ஒரு கொத்துக்கு மட்டும் வருகிற வருத்தம் தண்ணீரில் இருந்து வருவதில்லை. டோர்ச்சை எடுங்கள்.

உப்புவெளி_தொட்டி

நன்றி அண்ணை, நன்றி நானா. நேற்றிரவு பார்த்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மொட்டு ஒன்று நடப்பது போல இருந்தது! வடிவாகப் பார்த்தால் அது மொட்டே இல்லை, அதே பச்சையில், முதுகு முழுக்க மொட்டின் கைகள் மாதிரியே நீட்டிக்கொண்டு ஒரு பூச்சி, ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். அடியில் தண்டுகளுக்கிடையில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இது என்ன? பிடித்து எடுத்தால் போதுமா?

இன்னொன்று, கொத்து முழுக்கப் போய்விட்டால் புறாத்தீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற முருகைக் கல்லில் ஏதாவது எடுத்து வைக்கலாமா?

ஸ்காபரோ_ரீஃப்

தம்பி, நானும் திருகோணமலைதான், இப்போது ரொறன்ரோவில். ஸோவா தின்கிற நூடிபிராங்க் அது, ஓடில்லாத கடல் நத்தை வகை. தான் தின்கிற ஸோவாவில் உள்ள பாசியைச் செரிக்காமல் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், அதனால்தான் பச்சை ஸோவாவில் இருந்தால் பச்சை, சிவப்பில் இருந்தால் சிவப்பு. வெள்ளைச் சுருள் அதன் முட்டை. பகலில் அதைக் கண்டுபிடிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரிந்து பல பேர் மொட்டு வாடுது என்று தண்ணீரை மாற்றி, லைட்டை மாற்றி, கடைசிவரை இதைப் பார்க்காமலே கொத்தை இழந்திருக்கிறார்கள்.

பிடித்து எடுத்தால் போதாது. கண்ணில் பட்டது ஒன்று என்றால் படாதது இன்னும் இருக்கும். மருந்துக் குளியல் வளர்ந்ததைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒரு தடவை குளிப்பாட்டிவிட்டு எல்லாம் சரி என்று தொட்டிக்குள் திரும்ப வைப்பதுதான் எல்லோருக்கும் பிழைக்கிற இடம். முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து, அது முட்டையிடுவதற்குள் நீங்கள் அடுத்த குளியலைக் கொடுத்தாக வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை, குறைந்தது நான்கைந்து கிழமை. தண்ணீர் சூடாக இருந்தால் முட்டை கெதியாகப் பொரிக்கும், உங்கள் தொட்டி 29இல் நிற்பதால் நான் என்றால் ஐந்து நாளுக்கு ஒரு தடவை செய்வேன்.

செய்கிற விதம் இதுதான். ஸோவா இரண்டு கொத்தையும் வெளியே எடுங்கள், செம்மஞ்சளையும்தான், அதற்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பழைய சின்னத் தொட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ எடுத்து, பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, ஒரு காற்றுப் பம்பும் ஒரு லைட்டும் போட்டால் அவற்றுக்கு அது போதும், உங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஹீற்றர் தேவையில்லை. ஆவியாகிற தண்ணீருக்கு நாளாந்தம் நன்னீர் விட்டு உப்பளவைப் பிடித்து வையுங்கள், சின்னப் பெட்டியில் உப்பு கெதியாக ஏறும். பிறகு ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, கோரல் ஆர்எக்ஸ் அல்லது ரிவைவ் என்கிற முருகைக் குளியல் மருந்தில் எது கிடைக்கிறதோ அதைப் போத்தலில் சொல்லியிருக்கிற அளவுக்குக் கலந்து, கொத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, ஊசி இல்லாத பெரிய சிறிஞ்சால் மொட்டுகளுக்கிடையில் பலமாகப் பீச்சுங்கள். விழுகிறது தெரியும், முதல் தடவை அருவருப்பாகத்தான் இருக்கும். வெளியே எடுத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முட்டைச் சுருள் ஒவ்வொன்றையும் சாமணத்தால் கிள்ளி எடுங்கள், மிச்சத்தை மென்மையான பற்தூரிகையால். கொத்து ஒரு சின்ன பிளக்கில் (கடையில் கொத்தை ஒட்டித் தருகிற அடித்துண்டு) ஒட்டியிருந்தால் அந்தப் பிளக்கையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதில் ஒட்டுவது இன்னும் நல்லது, முட்டை பெரும்பாலும் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கடைசியில் மருந்தில்லாத இன்னொரு வாளி உப்புத்தண்ணீரில் அலசிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பெரிய தொட்டிக்கு மருந்து ஒன்றும் வேண்டாம். இந்தப் பூச்சிக்கு ஸோவாவைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. இரண்டு கொத்தும் வெளியே இருக்கிற காலத்தில் உள்ளே பொரிக்கிற குஞ்சு பட்டினியால் சாகும். ஒரு ஆறு கிழமை ஸோவா இல்லாமல் விடுங்கள். கல்லில் தப்பி முளைத்த ஒற்றை மொட்டு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், அது ஒன்று போதும் அவைக்கு.

அதே நேரத்தில் சன்டயல் நத்தையும் பாருங்கள். தட்டையான ஓடு, மேலிருந்து பார்த்தால் வட்டமாகச் சுற்றுகிற கறுப்பு வெள்ளைக் கட்டம். அதுவும் ஸோவாவைத்தான் தின்னும், பகலில் கொத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஓட்டோடு இருப்பதால் மருந்துக் குளியலில் கதவை மூடிக்கொண்டு தப்பிவிடும், கையால்தான் எடுக்க வேண்டும்.

மட்டுநகர்_பார்

ஸ்காபரோ அக்கா சொன்னது முழுக்கச் சரி. சிக்ஸ்லைன் ராஸ் என்கிற மீனை வாங்கிவிட்டால் குளியல் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது குஞ்சுகளைப் பொறுக்கும், உண்மைதான், ஆனால் மொட்டுக்கு அடியில் இருப்பதை எட்டாது. வளர்ந்த பிறகு அதன் குணமும் சரியில்லை, பின்னால் விடுகிற சின்ன மீனை ஓட ஓட விரட்டும்.

அய்ப்டேசியாவுக்கு வருகிறேன். அதைத் தின்ன இறால் விடச் சொல்வார்கள், நான் இறாலுக்கு வாக்களிக்க மாட்டேன், பசைக்குத்தான். காலியான தொட்டியில் பெப்பர்மின்ட் இறால் அய்ப்டேசியா தின்பதைக் காட்டுவார்கள், மீனுக்குச் சாப்பாடு போடுகிற வீட்டில் அது அந்தச் சாப்பாட்டையே பொறுக்கிக்கொண்டு நிற்கும். அதோடு பெப்பர்மின்ட் என்று சொல்லி ஒட்டக இறாலை விற்கிறார்கள், முதுகு கூனி, சிவப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, பெரிய கண்ணோடு இருக்கும். பார்க்க வடிவுதான், ஆனால் அது ஸோவாவையும் காளானையும் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீனும் அப்படித்தான். நம் கடலில் இருக்கிற ரக்கூன் வகை அய்ப்டேசியாவைத் தின்னும், தின்று முடிந்த பிறகு முருகையைத் தின்னும். 200 லீற்றருக்குள் அது அடங்கவும் அடங்காது.

பசை என்றால் கல்சியம் ஐதரொட்சைட்டைக் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைப்பது. பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு, சிறிஞ்சை மெதுவாகக் கொண்டுபோய் அனிமோன் இழுத்துக்கொள்வதற்குள் வாயின் மேல் வைத்து மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்குச் சிலதுதான், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் தண்ணீரின் பிஎச் ஏறிவிடும். இடுக்குக்குள் இருந்து கை மட்டும் தெரிகிறதா, அந்த ஓட்டையையே இரண்டு பகுதி எப்பொக்சிப் பசையால் அடைத்துவிடுங்கள்.

உப்புவெளி_தொட்டி

கல்சியம் ஐதரொட்சைட் என்றால் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புதானே அண்ணை? அது கடையில் இருக்கிறது.

மட்டுநகர்_பார்

ஓம், பொருள் அதுதான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. நிறமோ வாசமோ போட்டதை நினைத்தும் பார்க்க வேண்டாம். மீன் கடையில் கல்க்வாசர் என்று தூளாகக் கிடைக்கும், ஒரு சின்னப் பேணி வாங்கினால் வருடக்கணக்கில் வரும். அதுவும் கண்ணில் பட்டால் எரிக்கும், அந்தக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

கிண்ணியாக்கரை

புறாத்தீவுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எடுக்கக் கூடாது தம்பி. அது 2003இல் இருந்து தேசிய பூங்கா, அதற்கு முன்பே 1963இல் சரணாலயம். ஒதுங்கின கல், செத்த கல், துண்டு என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது. பூங்காவுக்கு வெளியேயும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் முருகை வருகிறது, நிலாவெளிக் கரையில் உடைத்தாலும் கைதுதான். கடையில் வாங்கினாலும் எங்கிருந்து வந்தது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பூச்சிக்குப் பயந்து கடல் கல்லைக் கொண்டுவருவது எனக்கு விளங்கவில்லை. முருகையைத் தின்கிற ட்ரூபெல்லா நத்தை வேறு எங்கிருந்து வருகிறது? முள்முடி நட்சத்திர மீன் 1970களில் திருகோணமலை முருகைப் பார்களிலேயே பெருகி முருகையைத் தின்று தீர்த்தது, எங்கள் பெரியாட்கள் இன்றைக்கும் கதைப்பார்கள். அங்கே அதைத் தின்ன ட்ரைட்டன் சங்கு போல நாலு உயிராவது இருக்கும். உங்கள் 200 லீற்றருக்குள் ஒரு நத்தை வந்தால் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள்?

பெட்டியை மட்டும் எறிந்துவிட வேண்டாம். இந்த வேலை முடிந்ததும் இனி வாங்குகிற ஒவ்வொரு கொத்தும் அதில் ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உப்புவெளி_தொட்டி

சரி நானா, புறாத்தீவை விட்டுவிட்டேன். முதல் குளியல் கொடுத்தாயிற்று, விழுந்ததைப் பார்த்து அம்மா இனி அந்த வாளியைக் குசினிப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம். ஒரு கடைசிக் கேள்வி: இந்த மருந்துத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? வீட்டுக்குப் பின்னால் கடல்தான்.

ஸ்காபரோ_ரீஃப்

கடலுக்கும் இல்லை, மழைநீர் ஓடுகிற கானுக்கும் இல்லை, அந்தக் கான் கடலுக்குத்தான் போகிறது. அதில் மருந்து மட்டுமில்லை, உயிரோடு பூச்சியும் முட்டையும் இருக்கலாம், அவை எந்த நாட்டுக் கடலில் இருந்து வந்தவை என்று உங்களுக்கும் தெரியாது, விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. கொஞ்சம் பிளீச் விட்டு ஒரு இரவு மூடி வைத்துவிட்டு, மறுநாள் கழிவறைக் குழிக்குள் ஊற்றுங்கள், ஊற்றுகிற நேரம் வேறு எந்தக் கழுவுகிற திரவத்தையும் அதோடு கலக்க வேண்டாம். மரத்தடிக்கும் வேண்டாம், உப்பு. அந்த வாளிக்கும் சிறிஞ்சுக்கும் மார்க்கரால் பெரிதாக மருந்து என்று எழுதி வையுங்கள், யாராவது தெரியாமல் அதே வாளியில் தொட்டிக்குத் தண்ணீர் அள்ளிவிடுவார்கள்.